நீலிக்கு எந்த முன்கதை?

அழுகிற பெண்ணைப் பார்த்து "நீலிக்கண்ணீர் வடிக்காதே" என்று சொல்லிவிடுகிறோம். அந்த நீலி யார், எதற்கு அழுதாள் என்று யாரும் கேட்பதில்லை. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வேளாளர் சபைக்கு வருகிறாள். அங்கே தஞ்சம் புகுந்து நிற்கும் வணிகனைக் காட்டி, "இவர் என் கணவர், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்" என்று அழுகிறாள். "இவள் பெண்ணே இல்லை, பேய். என்னைக் கொல்ல வந்திருக்கிறாள்" என்கிறான் அவன். குழந்தையை இறக்கிவிட்டதும் அது நேராக அவனிடம் போய் "அப்பா" என்கிறது. சபைக்கு அது போதும். இருவரையும் ஓரிடத்தில் தங்கச் சொல்கிறார்கள். அவன் நடுங்குவதைப் பார்த்து, "உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அவன் கையில் வைத்திருந்த மந்திரக் கத்தியையும் வாங்கிக்கொள்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

அந்த எழுபது பேரைச் சேக்கிழார் பாடினார், உமாபதி சிவம் பாடினார். அவர்கள் நினைவாகப் பழையனூரில் தீப்பாய்ந்த மண்டபம் இருக்கிறது. நீலிக்குக் கிடைத்தது ஒரு வசைச்சொல்தான்.

அவள் ஏன் வந்தாள் என்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் உண்டு. முற்பிறவியில் அந்த வணிகன் அவளைக் கொன்றவன். அந்த முற்பிறவியை ஒரு ஃபேன்டசி நாவலாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் புரிந்தது. நீலிக்கு ஒரு முன்கதை இல்லை, பல இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவள் வேறு பெண். எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதைப் பொறுத்து நாவலின் சோகமே வேறாகிவிடும். இந்தக் கதையையோ இதைப் போல ஊரால் சபிக்கப்பட்ட வேறொருத்தியின் கதையையோ எழுத நினைக்கிறவர்களுக்கும் பயன்படும் என்பதால், நான் எடை போட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எடை போட எனக்கு ஒரு படிக்கல் வேண்டியிருந்தது. அதைச் சம்பந்தரிடம் கண்டேன். முதல் திருமுறையில் வரும் பழையனூர்ப் பதிகம், "துஞ்ச வருவாரும்" என்று தொடங்குவது. இந்தக் கதையின் பழைய தடம் அதில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு.

"முனைநட்பாய்
வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு
அஞ்சும் பழையனூர்."

பெயர் கிடையாது, வெறும் ஒருத்தி. வஞ்சனை செய்து ஒருத்தி இன்னொருவனின் உயிரைக் கொண்ட விதத்தைக் கேட்டு அஞ்சும் ஊர் என்பதுதான் வழக்கமான பொருள். ஆனால் "ஒருத்தி வாணாள்" என்ற இடத்தில் வேற்றுமை உருபு இல்லை. ஒருத்தியின் வாழ்நாளை வஞ்சனையால் பறித்த விதம் என்று படித்தாலும் தமிழ் இடம் கொடுக்கிறது. இதைக் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அவள் செய்த கொலையும் அவளைச் செய்த கொலையும் ஒரே வரிக்குள் கிடக்கின்றன. சம்பந்தர் அப்படி நினைத்துப் பாடினார் என்று நான் வாதிடவில்லை. என் நாவலின் இரண்டு முனைகளும் அந்த வரியில் கட்டப்பட்டிருக்கின்றன என்பது மட்டும் நிச்சயம்.

முதல் கொலை காட்டில் நடந்தது. அப்போது அவள் பக்கம் உண்மை இருந்தது, கேட்க யாரும் இல்லை. இரண்டாவது முறை எழுபது பேர் கேட்கிறார்கள், அப்போது அவள் பொய்யான குழந்தையோடு வர வேண்டியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீலியின் துயரம் இருக்கிறது. எந்த முன்கதை இதைக் கெடுக்காமல் வைத்திருக்கிறதோ அதுவே எனக்கு வேண்டியது.

தொண்டை மண்டலத்தில் சொல்லப்படும் வடிவத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் வீட்டில் மனைவி இருக்கக் காசிக்குப் போகிறான். அங்கே அதை மறைத்து இன்னொருத்தியை மணந்துகொள்கிறான். ஊர் திரும்பும்போது அவளும் அவள் அண்ணனும் உடன் வருகிறார்கள். திருவாலங்காட்டை நெருங்க நெருங்க அவனுக்குப் பயம் பிடிக்கிறது. வீட்டுக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். வழியிலேயே அவளைக் கொன்றுவிடுகிறான். அண்ணனும் உயிரை விடுகிறான்.

நாவலாசிரியருக்கு இதில் பெரிய வசதிகள் உண்டு. காசியிலிருந்து காஞ்சி வரைக்குமான நடை ஒரு முழு நூலுக்குப் போதும். மொழி தெரியாத நாட்டுக்குள் ஒரு பெண் நாளுக்கு நாள் இறங்கி வருகிறாள், அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் கணவன், அவன் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வருகிறான். அந்த மௌனம் ஒன்றே வாசகரைப் பதற வைக்கும். இன்னொரு பலமும் இருக்கிறது. இந்த வடிவத்தில் சபையில் அவள் சொன்ன "இவர் என் கணவர்" என்பது உண்மை. பிறவி மாறியிருக்கிறது, உறவு மாறவில்லை. நீலிக்கண்ணீர் என்ற சொல்லையே இது திருப்பிப் போடுகிறது.

இருபது பக்கம் இதை எழுதியும் பார்த்தேன். என்னால் தாண்ட முடியாமல் போன இடம், காஞ்சியில் இருக்கும் முதல் மனைவி. அவள் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் கொலைக்குக் காரணமாகக் கதை அவளைத்தான் சுட்டுகிறது. அவளுக்குப் பயந்து கொன்றான் என்று ஆகிவிடுகிறது. ஒருத்தியின் பழியைத் துடைக்கப் புறப்பட்டு இன்னொருத்தியின் மேல் பழியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் நியாயம் செய்தால் நாவல் சக்களத்திக் கதையாகத் திரிகிறது. திறமையுள்ளவர்கள் இதைச் சமாளிக்கக்கூடும். என் பக்கங்களில் நீலி மெல்லப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தாள்.

நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் வடிவம் அதற்குப் பிறகுதான் என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அங்கே ஊரின் பெயர் பழகைநல்லூர். கோயிலில் பூசை செய்கிற பிராமணன் ஒருவன், தாசி குலத்துப் பெண் ஒருத்தி. கையிலிருந்ததை எல்லாம் அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறான். கொட்ட ஒன்றும் இல்லாமல் போனதும் அவள் தாய் அவனை வாசலோடு விரட்டுகிறாள். மகளுக்குப் பொறுக்கவில்லை. நகைகளைப் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே கிளம்பிவிடுகிறாள்.

காட்டு வழி. வெயில். கள்ளிச்செடியின் ஓரத்தில் உட்காருகிறார்கள். அவள் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போகிறாள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் என் கை நின்றுவிடுகிறது. அவன் மணலைக் கூட்டித் தலையணை உயரத்துக்குக் குவிக்கிறான். அவள் விழித்துவிடாதபடி தலையைத் தூக்கி மடியிலிருந்து மணலுக்கு மாற்றுகிறான். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும், கைக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்! தூங்கும் பிள்ளையைத் தொட்டிலுக்கு மாற்றுகிறவரின் கை அது. பிறகு எழுந்து போய்க் கல்லைத் தூக்கி வருகிறான். உயிர் போகிற நேரத்தில் அவள் கள்ளியைப் பார்த்து, "நீதான் சாட்சி" என்கிறாள். தேடி வந்த அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறான். நகைகளோடு போன பூசாரியும் பாம்பு தீண்டிச் செத்துப்போகிறான்.

பின்னால் சபைக்கு அவள் இடுக்கிக்கொண்டு வருகிற குழந்தை எது தெரியுமா? அந்தக் கள்ளியின் கொம்பு. காட்டில் அவளுக்கு இருந்த ஒரே சாட்சியைத்தான் ஒடித்துக் குழந்தையாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். ஊர் அதை மாயம் என்றது, வஞ்சனை என்றது. அவள் சாட்சியை அழைத்து வந்திருந்தாள். அது பேசியும் இருக்கிறது, ஒரே சொல்தான் என்றாலும். காசி வடிவத்தைக் கைவிட்டு இதன் பக்கம் நான் சாய்ந்ததற்கு இந்த ஒரு கொம்பே போதுமான காரணம்.

இதிலும் ஒரு குறை சொல்லலாம். இங்கே அவள் அவனுக்கு மனைவி அல்ல. அதனால் சபையில் சொல்வது உண்மையும் ஆகாது. காசி வடிவத்தின் பெரிய பலம் இங்கே கிடையாது என்று முதலில் வருந்தினேன். யோசிக்க யோசிக்க இது இன்னும் ஆழமாகப் பட்டது. தாசி குலத்துப் பெண் எந்தச் சபையில் போய் "இவர் என் கணவர்" என்று சொல்லியிருக்க முடியும்? சொன்னால் யார் கேட்டிருப்பார்கள்? உயிரோடு இருந்தபோது வாய் திறந்து கேட்க முடியாததை, பேயாக வந்து, எழுபது நிலக்காரர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறாள். ஆமாம், இவன் உன் கணவன்தான், இவனோடு போ. அவள் வந்தது கொல்ல மட்டும்தான் என்றால் வழியிலேயே எப்படியாவது ஏமாற்றிக் கொன்றிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் நாவல் சொல்லப்போகிற பதில் இதுதான்.

சாபமும் இந்த வடிவத்தில்தான் கதையாகவே நடக்கிறது. செத்துப்போன அவளும் அண்ணனும் சோழ அரசனுக்கு இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கிறார்கள், நீலன், நீலி. பகலில் அரண்மனைக் குழந்தைகள். இரவில் கொட்டிலுக்குப் போய் மாடுகளைத் தின்கிறார்கள். உண்மை தெரிந்ததும் அரசன் இருவரையும் காட்டில் விட்டுவரச் சொல்கிறான். ஃபேன்டசி எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய வரம் வேண்டியதில்லை. தங்களுக்கு ஏன் இப்படிப் பசிக்கிறது என்று தெரியாத இரண்டு பிள்ளைகள். காலையில் தாதி முகம் கழுவிவிடும்போது வாயோரத்தில் காய்ந்திருக்கிற இரத்தம். பழிவாங்கல் என்ற சொல் அவர்களுக்கு இன்னும் தெரியாது, பசி மட்டும் தெரியும். தன் பசிக்குக் காரணமானவன் வணிகனாகப் பிறந்து எங்கோ வளர்ந்துகொண்டிருக்கிறான் என்று அவளுக்கு எப்போது, எப்படித் தெரிய வருகிறது? பாடல்கள் விரைந்து கடந்துபோகிற இந்த இடத்தில்தான் நாவலின் நடுப்பகுதியைக் கட்டப்போகிறேன்.

நீலகேசியையும் சொல்ல வேண்டும், ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றாயிற்றே. அங்கே பழையனூர் நீலியைக் காளிக்காகக் கூட்டிவருகிறார்கள். பலியை நிறுத்திய முனிச்சந்திரர் என்ற சமண முனிவரை மிரட்டி ஓட்டுவது அவள் வேலை. அவர் அசையவில்லை. அவளே அறம் கேட்டு, கொல்லாமையை ஏற்று, பௌத்தர்கள் முதலான பிற சமயத்தாரோடு வாதிட்டு வெல்கிறாள். பெருமையான வாழ்வு. ஆனால் முன்கதைக்கு உதவாது, சோகத்துக்கும் உதவாது. காயம் எங்கே என்று காட்டாமலே ஆறிவிடுகிறது. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது அவள் நாக்கை. வாதத்தில் நாடறிந்தவர்களை மடக்கிய ஒருத்தி சபையில் அழுதுகொண்டே நிற்பாளா? என் நீலி அழுவாள், வழக்கும் பேசுவாள்.

பேயே கிடையாது, ஓர் உண்மையான பெண்ணை ஊர் பேயாக்கிவிட்டது என்று எழுதலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். இன்றைக்குப் பலருக்கும் பிடிக்கிற வழி. எனக்கு ஒப்பவில்லை. அவள் கையில் இருக்கிற ஒரே வலிமை அந்தப் பேய் உருவம். அதையும் பிடுங்கிவிட்டு அவளை வெறும் அப்பாவியாக நிறுத்தினால், அழுகிற பெண்ணை அழுகிற பெண்ணாகவே விட்டுவிடுகிறோம். அதோடு, எழுபது பேரின் சாவுக்கு அவள் பொறுப்பு இல்லை என்றும் ஆகிவிடும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெண்ணின் சொல்லை நம்பினார்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு வயலில் உழுதுகொண்டிருந்த ஒருவர் சேதி கேட்டதும் ஏர்க்கொழுவால் உயிரைப் போக்கிக்கொண்டார் என்றும் ஒரு வழக்கு உண்டு. அந்த ஏர்க்காரருக்கும் என் நாவல் பதில் சொல்லியாக வேண்டும். நீலியைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்காக அவள் கையில் இரத்தமே இல்லை என்று எழுத எனக்கு உரிமை கிடையாது.

முன்கதை எழுதுகிற எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் ஒரு முற்பிறவிக் கதை சொல்கிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தவன் பரதன். சங்கமன் மனைவி 14 நாள் அலைந்து, மலை ஏறி, எங்களுக்குத் துயரம் செய்தவர் இதையே அடையட்டும் என்று சொல்லி உயிர்விட்டாள். அந்தப் பரதன்தான் கோவலன். அவளுக்கும் நீலி என்றே பெயர். ஆள் வேறு, என்றாலும் அந்தப் பெயரை அங்கே பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. இளங்கோ அதைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். ஆனாலும் அது செய்கிற வேலையைப் பாருங்கள். அதுவரை பாண்டியன் செய்த அநீதியாக இருந்தது, அதைக் கேட்டபின் கோவலனின் வினைப்பயனாகவும் ஆகிவிடுகிறது. கண்ணகியின் கோபத்தின் சூடு சற்றுத் தணிகிறது. முன்கதைக்கு அந்தச் சக்தி உண்டு, பின்கதையைத் தணித்துவிடும். நான் எழுதுவது வணிகனின் சாவை நியாயப்படுத்திக் கணக்கை நேர் செய்துவிடக் கூடாது. மறுபிறவியில் அவனுக்குப் பழையது எதுவும் நினைவில்லை. பேய்க்குப் பயந்து ஓடுகிற ஒரு மனிதன், அவ்வளவுதான். கத்தியைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அவன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிற காட்சியை முழுதாக எழுதுவேன்.

யார் வாயால் சொல்வது என்பதிலும் நெடுநாள் தயங்கினேன். நீலியே சொன்னால் நெருக்கம் கிடைக்கும். ஆனால் வாசகர் முழுதாக அவள் கட்சி ஆகிவிடுவார், ஏர்க்காரர் கண்ணிலேயே பட மாட்டார். அண்ணன் சொன்னால் இரண்டு பிறவியும் கூடவே வந்தவன் என்ற வசதி உண்டு. ஆனால் அவன் அன்பும் கோபமும் அவளுடையதையே எதிரொலிக்கும். எழுபதில் ஒருவர் சொன்னால் முற்பிறவி அவருக்குத் தெரியாது. காட்டிலும் சபையிலும் இருந்தது ஒன்றே ஒன்று, கள்ளி. அதைச் சொல்ல வைத்து இரண்டு அத்தியாயம் எழுதிவிட்டேன். அதற்கு நகர முடியாது, தடுக்க முடியாது, யார் பக்கமும் பேசத் தெரியாது. பார்த்ததைச் சொல்லும். அரண்மனைப் பகுதிக்கு மட்டும் அண்ணன் குரலைக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திருவாலங்காடு இன்னொரு பேயின் ஊர். கணவன் பரமதத்தன் அஞ்சி விலகிப்போய் வேறு மணம் செய்துகொண்டபின், இந்த உடலின் தசை வேண்டாம், பேய் உரு தா என்று கேட்டுப் பெற்றார் காரைக்கால் அம்மையார். "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று அந்த உருவத்தை இந்த ஆலங்காட்டில் வைத்தே பாடினார். அவர் தலையால் நடந்த மண் என்று மிதிக்க அஞ்சிச் சம்பந்தர் பழையனூரில் தங்கியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அங்கே தங்கியபோது பிறந்த பதிகத்தில்தான் அந்த "ஒருத்தி" வருகிறாள். இருவருமே கைவிடப்பட்டவர்கள், இருவரையும் கண்டு நடுங்கியவர்கள் வணிகர்கள். அம்மையார் கேட்டு வாங்கிய உருவம், நீலி கேட்காமல் வந்து சேர்ந்த உருவம். இருவரையும் காட்டில் சந்திக்க வைக்கலாமா என்று ஆசை வந்தது. வைக்கப்போவதில்லை. ஒரே ஓர் இரவில், தூரத்தில் யாரோ பாடுகிற குரலை நீலி கேட்பாள். எலும்பும் தோலுமான ஒரு பெண்பேயைப் பற்றிய பாட்டு. தன்னைப் பற்றி யாரோ பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

முடிவு மட்டும்தான் பாக்கி. தெற்கே முப்பந்தலில் அவள் இசக்கியம்மன். கையில் குழந்தையோடு கோயில் கொண்டிருக்கிறாள், கும்பிடுகிறார்கள். தெய்வமானாள் என்று முடித்தால் வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவார். தீக்குழியில் முடித்தால் எழுபது பேரின் கதையாகிவிடும், அது ஏற்கெனவே பாடப்பட்டுவிட்டது. நான் சபையின் வாசலில் நிறுத்துகிறேன். கள்ளிக்கொம்பு இடுப்பில் கனக்கத் தொடங்குகிறது. உள்ளே எழுபது தலைகள் அவள் பக்கம் திரும்புகின்றன. யாரோ ஒருவர், வயதானவர், "உட்காரம்மா, என்ன நடந்தது, சொல்லு" என்கிறார். இரண்டு பிறவியில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.